பாதி கண்ட பாம்பு

"மாமா, டிராகன்னு ஒண்ணு நெஜமாவே இருந்திருக்குமா?"

மாமல்லபுரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா மகன் கேட்டான். நெருப்பை ஊதி நகரங்களை எரிக்கும் டிராகன்கள் வருகிற ஆங்கிலத் தொடர் ஒன்றை விடிய விடியப் பார்த்து முடித்திருந்தான். "இருந்திருக்காதுடா. ஆனா எதையோ பார்த்துட்டுத்தான் சொல்லியிருக்காங்க. அது எதுன்னு இந்த ஊர்லயே காட்டறேன், முதல்ல டீயைக் குடி" என்றேன். அன்று அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் விடை எலும்பு. மண்ணைத் தோண்டுகிறவன் கையில் ஆள் உயரத் தொடை எலும்பு கிடைக்கிறது. டைனோசர் என்ற பெயரே பிறக்காத காலம். அவன் அதை என்னவென்று நினைப்பான்? ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரில் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் செதுக்கிய டிராகன் நீரூற்று இருக்கிறது. அதன் தலைக்கு மாதிரியாக இருந்தது 1335இல் அந்தப் பக்கம் கிடைத்த மண்டையோடு. டிராகன் தலை என்றே அதை ஊர்ப் பொதுமண்டபத்தில் வைத்திருந்தார்கள். பிற்காலத்து அறிஞர்கள் பார்த்தபோது அது பனியுகக் காலத்துக் கம்பளிக் காண்டாமிருகத்தின் தலை. சீனாவில் 'டிராகன் எலும்பு' நாட்டு மருந்துக் கடைச் சரக்கு. 1935இல் ஹாங்காங் மருந்துக் கடை ஒன்றில் அப்படி விற்பனைக்கு இருந்த கடைவாய்ப்பல்லைப் பார்த்துத்தான் கோனிக்ஸ்வால்ட் என்ற ஆய்வாளர், அழிந்துபோன ராட்சதக் குரங்கினம் ஒன்று இருந்ததைக் கண்டுபிடித்தார்.

இந்தியாவும் இந்தக் கணக்கில் உண்டு. அப்பொல்லோனியஸ் என்ற கிரேக்க ஞானி இந்தியாவுக்கு வந்த கதையை 3ஆம் நூற்றாண்டில் பிலோஸ்ட்ராட்டஸ் எழுதினார். மலையடிவாரமெங்கும் டிராகன்கள், அவற்றின் தலைக்குள் ஒளிவிடும் கற்கள், ஓர் ஊரில் காட்சிக்கு வைத்த டிராகன் மண்டையோடுகள் என்று அதில் வருகிறது. இமயத்தின் அடிவாரத்து சிவாலிக் குன்றுகளில் 1830களில் பால்கனர், காட்லி என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் தோண்டியபோது ராட்சத ஆமை, கொம்பு விரிந்த மாபெரும் ஒட்டகச்சிவிங்கி இனம் என்று எலும்பு எலும்பாக வந்தது. கிரேக்கர் கேள்விப்பட்ட மண்டையோடுகள் இவைதான் என்கிறார் அட்ரியன் மேயர். பழங்கதைகளையும் எலும்புப் படிவங்களையும் சேர்த்துவைத்து 2000இல் புத்தகம் போட்டவர். அவர் சொல்வது எல்லாவற்றையும் தொல்லுயிர் அறிஞர்கள் ஏற்பதில்லை. இந்த ஒரு இடத்தில் ஏற்கலாம் என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் நம் கடற்கரைக்கு இந்த விடை உதவாது. மாமல்லபுரத்துப் பாறையில் உளி வைத்தால் எலும்பு வராது. பூமியின் அடி ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகிய பாறை அது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. எலும்புள்ள உயிர் எதுவும் அப்போது பிறக்கவே இல்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் படிவங்களில் செடிகளின் இலைத் தடங்கள் கிடைக்கின்றன. எலும்பு வேண்டுமானால் தெற்கே அரியலூர் வரை போக வேண்டும். அங்கே கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்ட எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் 1987இல் ஒரு டைனோசருக்கு பிருகத்காயசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த எலும்புகளும் பாதுகாக்க முடியாமல் பொடிந்துபோயின. ஆக, பாலாற்றுக்கும் கோவளத்துக்கும் இடையில் வாழ்ந்தவன் தரையில் பூத எலும்பைக் கண்டு கதை கட்டியிருக்க வழியில்லை. அவன் கண்டதெல்லாம் உயிருள்ள பிராணிகள். அவற்றையும் பாதிதான் கண்டான். மீதிப் பாதியைத்தான் கதை நிரப்பியது.

இதைச் சும்மா சொல்லவில்லை. டீக்கடையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் சான்று நிற்கிறது. அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் இரண்டு விதமாகச் சொல்லப்படும் அந்தப் பெரிய பாறைச் சிற்பம், 96 அடி நீளம், 43 அடி உயரம், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. யானைகளைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் மானைப் பாருங்கள். பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிற மான். இதை ஏட்டிலிருந்து யாரும் செதுக்க முடியாது. புதரோரம் அசையாமல் உட்கார்ந்து மானைப் பார்த்தவன்தான் செதுக்க முடியும். பக்கத்திலேயே குரங்குக் குடும்பம் தனிச் சிற்பமாக இருக்கிறது. ஒன்று மற்றொன்றுக்குப் பேன் பார்க்கிறது, குட்டி பால் குடிக்கிறது. பின்னால் உட்கார்ந்து முதுகில் விரல் வைத்து மயிரை விலக்குகிற அந்தக் கையில் தப்பு கண்டுபிடிக்க முடியாது.

இவ்வளவு கண் கூர்மையுள்ள சிற்பி சிங்கத்துக்கு வரும்போது தடுமாறுகிறான். வராக மண்டபத்திலும் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்திலும் தூண்களைத் தாங்கி உட்கார்ந்திருக்கும் சிங்கங்களைப் பாருங்கள். பிடரி வரிசை வரிசையான சுருளாக இருக்கிறது, கண் பிதுங்கி நிற்கிறது, முகம் எந்த மிருகத்துக்கும் சொந்தமில்லை. திறமைக் குறைவு இல்லை. தென்னாட்டில் சிங்கமே கிடையாது. நர்மதைக்கு வடக்கேதான் அது திரிந்தது. இன்று குஜராத்தின் கிர் காட்டோடு நின்றுவிட்டது. சிற்பி கண்டது வடக்கிலிருந்து வந்த உருவங்களை, கேட்டது கதைகளை. ஒருவன் பார்த்துச் செதுக்கியதை இன்னொருவன் பார்த்துச் செதுக்க, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கூடிக்கொண்டே போயிருக்கிறது.

கூடிக் கூடி எங்கே போய் நின்றது என்பதற்கு யாளி சாட்சி. யானையைக் கொல்லும் ஆளி சங்கப் பாடல்களிலேயே வந்துவிடுகிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் 11 தலைகள் வாய் பிளந்து சூழ்ந்து நிற்கும் பாறை மேடை இருக்கிறது. அவை யாளித் தலைகள். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் புலிக்குகை. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்குத் தெரிந்த கோரைப்பல் புலியுடையது. அடுத்த ஆயிரம் ஆண்டில் சிங்க உடம்புக்குத் துதிக்கை முளைத்தது, தந்தம் முளைத்தது. விஜயநகர, நாயக்கர் காலத்துத் தூண்களில் பின்னங்காலில் எழுந்து நிற்கிறது. வாய்க்குள் உருளும் கல் உருண்டை. விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. கண்ட மிருகத்தில் சிற்பிக்கு இந்தச் சுதந்திரம் கிடைக்காது. மானுக்கு யாராவது துதிக்கை வைப்பார்களா?

மகரமும் இப்படித்தான். திரௌபதி ரதத்தின் வாசல் மேலே இருக்கும் தோரணத்தின் இரண்டு முனைகளிலும் அது இருக்கிறது. முதலை வாய், மீன் உடல், மேலே சுருண்ட மூக்கு. கங்கைக்கு வாகனம், வருணனுக்கு வாகனம், மன்மதனுக்குக் கொடி. முதலையை நம்மவர்கள் நன்றாக அறிவார்கள், கொள்ளிடத்தில் இன்றும் இருக்கிறது. அந்த முதலைக்கு மூக்கு ஏன் சுருள வேண்டும்? வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனால் ஒரு பதில் கிடைக்கலாம். ராமுலஸ் விட்டேக்கர், சாய் விட்டேக்கர் தம்பதி 1976இல் தொடங்கியது. அங்கே கங்கைச் சமவெளியைச் சேர்ந்த நீள்மூக்கு முதலை, கரியால், இருக்கிறது. வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் சதை திரண்டு குமிழாக மேலெழுந்து நிற்கும். உலகில் வேறு எந்த முதலைக்கும் அது இல்லை. கங்கையின் வாகனத்துக்குக் கங்கையின் முதலையே மூலம் என்று சொல்பவர்கள் உண்டு. நிரூபிக்க வழியில்லை, ஆனாலும் அந்த ஆண் கரியாலைப் பக்கவாட்டில் ஒருமுறை பார்த்துவிட்டால் மறுக்க மனம் வராது.

இத்தனைக்கும் நம் டிராகன் யாளியும் இல்லை, மகரமும் இல்லை. நாகம்தான். மறுபடியும் அந்தப் பெரிய பாறைக்கே வாருங்கள். நடுவில் இயற்கையாகப் பிளந்த ஒரு வெடிப்பு. அதற்குள் நாகராஜன் கைகூப்பி மேலேறுகிறான், கீழே நாகினி. தலைக்குமேல் படம் விரிந்திருக்கிறது, இடுப்புக்குக் கீழே பாம்பு. பாறையின் உச்சியில் தண்ணீர் தேக்கிய தொட்டியின் தடம் உண்டு. விழா நாளில் மேலிருந்து நீரைத் திறந்துவிட்டால் வெடிப்பு வழியே அருவியாக இறங்கி நாகர்களின் மேனி நனைந்து நெளிகிறது போலத் தோன்றியிருக்கும். சிற்பி நாகத்தை வைக்கத் தேர்ந்த இடத்தைக் கவனியுங்கள். வெடிப்பு, ஈரம், இருட்டு. பாம்பு உண்மையில் இருக்கும் இடமே அதுதான்.

நாகம் நீருக்குக் காவல், மழைக்கு அதிபதி என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை ஏரிப் பாசனத்து விவசாயியிடம் கேட்டாலே தெரியும். செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். நெல் இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் நல்ல பாம்பு இருக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் வளைகளில் தண்ணீர் புகுந்து, உள்ளே இருப்பதெல்லாம் வரப்புக்கும் மேட்டுக்கும் வீட்டுத் திண்ணைக்கும் ஏறி வருகிறது. தவளைகள் கத்துகிற நேரமும் அதுவே. மழை வரும்போதெல்லாம் பாம்பும் வருவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவன், பாம்பு வந்ததால் மழை வந்தது என்று திருப்பிப் போட்டுக்கொண்டதில் ஆச்சரியமில்லை. புற்று விஷயத்தில் நம் முன்னோர் இன்னும் தெளிவு. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்று பழமொழியே வைத்துவிட்டார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் புற்றுக்குள் ஈரமும் மிதமான சூடும் மாறாமல் இருக்கும், அதனால்தான் குடிபுகுகிறது. முட்டையும் பாலும் வைப்பது பக்தி. பால் பாம்பின் உணவு இல்லை.

பாதி பார்த்தல் என்றேனே, அதற்குப் பாம்புக் கதைகளைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. சாரைப் பாம்பும் நல்ல பாம்பும் பிணையும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பார்த்தேன் என்று சத்தியம் செய்வார்கள். பார்த்ததும் உண்மை. இரண்டு பாம்பு பின்னிப் பிணைந்து இடுப்பளவு எழும்பி ஆடும். ஆனால் இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண். பெண்ணுக்கான போட்டியில் ஒன்றையொன்று தரையில் அமுக்கப் பார்க்கும் மல்யுத்தம் அது. கடிப்பதுகூட இல்லை. கிட்டே போய்ப் பார்க்கத் துணிந்தவர் குறைவு, துண்டைப் போட்டுப் பிணையலைப் பிடித்தால் அதிர்ஷ்டம் என்று கேட்டவர்களே அதிகம்.

கொம்பேறி மூக்கன் கதை இன்னும் நேர்த்தி. கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறி, கடிபட்டவன் பிணம் எரிகிற புகையைப் பார்த்த பிறகுதான் இறங்குமாம். மெலிந்த, வேகமான, மரத்திலேயே வாழும் பாம்பு அது. ஓணானும் தவளையும் தின்னும். விஷம் கிடையாது. மனிதனைக் கண்டால் மேலே ஏறி ஒளிந்து கீழே எட்டிப் பார்க்கும். அந்த எட்டிப் பார்த்தலிலிருந்து ஒரு முழுப் பழிவாங்கும் கதையை எடுத்த தமிழனின் கற்பனைக்கு யாராவது விருது தரலாம்.

இருதலைப் பாம்புக்கு நேர்ந்தது விளையாட்டில்லை. மண்ணுளிப் பாம்பின் வால் கூராக இல்லாமல் மழுங்கி, தலை போலவே இருக்கும். எதிரி வந்தால் தலையை அடியில் மறைத்து வாலைக் காட்டும், கடி வாலில் விழும். தப்பிப் பிழைக்க அது கற்ற வித்தையே அதற்கு எமனாகிவிட்டது. இரண்டு தலை இருப்பதால் அதிர்ஷ்டம், இத்தனை கிலோ இருந்தால் இத்தனை கோடி என்று பேரம் பேசும் கும்பல்கள் இன்றும் பிடிபடுகின்றன. சாதுவான, விஷமற்ற பாம்பு. பிடிப்பதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

பிறகு நாகமாணிக்கம். யாரையும் கடிக்காமல் பல வருஷம் சேர்த்த விஷம் இறுகி மாணிக்கமாகும், கண் மங்கிய கிழ நாகம் இரவில் அதைக் கக்கி அதன் வெளிச்சத்தில் இரை தேடும், கடைசியில் உடல் குறுகி இறக்கை முளைத்துப் பறக்கும். இறக்கையும் வந்துவிட்டது, பாருங்கள், இதைவிட டிராகனுக்கு என்ன வேண்டும்? 1,800 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கன் எழுதிய தலைக்கல்லும் இதுவே. விஷம் ஒரு புரதக் கரைசல். காய்ந்தால் மஞ்சள் பொடியாகும், கல்லாகாது. கதையில் உண்மையின் துண்டு ஒன்று இருக்கிறதென்றால், அது அந்தக் கண் மங்குதல் என்று நினைக்கிறேன். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடி போன்ற செதில் ஒன்று மூடியிருக்கும். சட்டை உரிப்பதற்குச் சில நாள் முன்பு அந்தச் செதிலுக்கு அடியில் திரவம் ஊறி, கண் இரண்டும் நீலம் கலந்த வெள்ளையாக மாறிவிடும். அப்போது அது சரியாகப் பார்க்காது, சீறிக்கொண்டே ஒதுங்கியிருக்கும். சட்டையோடு அந்தச் செதிலும் கழன்று புதுக்கண் பளிச்சென்று வந்துவிடும். வெள்ளைக்கண் பாம்பை விளக்கு வெளிச்சத்தில் தூரத்திலிருந்து கண்டவன் ஊருக்குள் போய் என்ன சொல்லியிருப்பான்?

சீற்றத்தையும் விட்டுவிடக் கூடாது. கண்ணாடி விரியன் உடம்பை ஊதிக்கொண்டு சீறினால் அடுப்படியில் குக்கர் விசில் அடிக்கிறதோ என்று திரும்பிப் பார்ப்போம். அதன் கடி ரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தைச் சிதைக்கும், கடிவாய் நெருப்பாக எரியும். நெருப்பு ஊதும் பிராணி என்ற எண்ணத்துக்கு அதற்கு மேல் எரிமலையெல்லாம் தேவைப்படவில்லை. பிளந்த நாக்கை உடும்பும் தந்திருக்கும். செங்கல்பட்டுப் புதர்க்காட்டில் நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்துக்கொண்டு போகும். அதன் ராட்சத உறவினர் இந்தோனேசியாவில் 10 அடி வரை வளர்வதை உள்ளூர்க்காரர்கள் சொல்லியும் வெளியுலகம் நம்பவில்லை. 1912இல்தான் ஓவன்ஸ் என்ற டச்சு அறிஞர் அதை முறையாக விவரித்தார். பிற்பாடு உலகம் அதற்கு வைத்த பெயர் கொமோடோ டிராகன்.

மருமகன் செல்போனைத் தட்டி ஒரு கோட்பாட்டை எடுத்துக் காட்டினான். டேவிட் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 2000இல் சொன்னது: நம் குரங்கு மூதாதையர் பயந்தது பாம்பு, சிறுத்தை, கழுகு என்ற மூன்றுக்கு, மூன்றும் மூளைக்குள் ஒன்றாகக் கலந்து டிராகன் ஆயிற்று. கென்யாவின் வெர்வெட் குரங்குகள் இந்த மூன்றுக்கும் மூன்று தனித்தனி எச்சரிக்கைக் குரல் கொடுப்பது உண்மைதான். 1980இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஆனால் பாருங்கள், குரங்கு மூன்றையும் பிரித்துத்தான் கூப்பிடுகிறது, கலக்கவில்லை. யாளிக்குத் துதிக்கை உண்டு. யானை எந்தக் குரங்கையும் தின்பதில்லை. ஆகவே எல்லா நாட்டு டிராகனுக்கும் ஒரே சாவி என்கிற இந்த வகை விளக்கங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு ஊர்ப் பூதத்துக்கும் அந்தந்த ஊர்ப் பிராணிதான் வித்து.

அப்படியானால் பாம்பை முழுசாகப் பார்த்தவர்கள் யார்? அதே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978இல் தொடங்கியது. அதற்கு முன் பாம்புத் தோலுக்காகப் பிடித்து விற்றுவந்த மக்கள். 1972இன் வனவிலங்குச் சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. இன்று நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நால்வகையையும் அனுமதியோடு பிடித்து வருகிறார்கள். வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகளில் பாம்புகள் இருக்கும். தலையைப் பிடித்து, கண்ணாடிக் குடுவையின் வாயில் கட்டிய மெல்லிய சவ்வைக் கடிக்க வைத்து விஷம் எடுப்பார்கள். சில வாரம் வைத்திருந்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்தே போகிறது.

இந்தச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், அங்கே சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவர்களுக்குத் தெய்வ நம்பிக்கை இருக்காது என்று நினைத்துவிட வேண்டாம். மாசிமகப் பௌர்ணமிக்கு இருளர்கள் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். கன்னியம்மனுக்கும் நாகத்துக்கும் நெருக்கம் உண்டு. பாம்பு தடம் பதித்த மண்ணைத் தொட்டு, எது போனது, எப்போது போனது என்று சொல்கிறவர்கள் அதை வணங்கவும் செய்கிறார்கள். இரண்டும் ஒரே மனிதருக்குள் சண்டையில்லாமல் இருக்கிறது.

மருமகனிடம் கடைசியாகச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் இறந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று ஆய்வு மதிப்பிடுகிறது. இவர்களில் பலர் நேரத்துக்கு மருத்துவமனை சேராதவர்கள். கடிபட்டால் விஷக்கல் வைக்கிறவரைத் தேடி ஓடாதீர்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பை அடித்துக் கையோடு கொண்டுபோக வேண்டியதில்லை. விஷமுறிவு மருந்து இந்த நான்கு பாம்புக்கும் ஒன்றேதான், அங்கே இலவசமாகவே போடுவார்கள்.